இல்லத்தில் உருவாகும் விண்வெளி எந்திரங்கள்

1963-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் 'கலை அரசி' என்னும் தமிழ்ப்படம் வெளிவந்தது. வேற்றுக் கோளிலிருந்து பறக்கும் தட்டில் வந்தோர், இசையில் வல்ல நங்கை ஒருத்தியைக் கவர்ந்து செல்வதே அதன் கதை. எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த அப்படத்தை நம் வாசகருள் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில், இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 'டாக்டர் ஹூ' என்னும் தொடரில், 'டாலெக்' எனப்படும் கொடிய எந்திர உயிர்கள் முதன்முறையாகத் தோன்றின. அவற்றை முழு உருவில் வீட்டிலேயே செய்து பார்க்கும் வழக்கம் அந்நாட்டில் வேரூன்றிவிட்டது.

டாலெக்கை வடிவமைத்தவர் ரேமண்ட் கியூசிக். மாதச் சம்பளம் பெற்ற ஊழியர் ஆதலால், தம் படைப்பு ஈட்டிய பெருஞ்செல்வத்தில் அவருக்கு உரிய பங்கு கிட்டவில்லை. (கைவினைஞருக்கு இது எந்நாட்டிலும் நேர்வதே!) அந்த அச்சந்தரும் உருவத்தின் கையோ, அடைப்பெடுக்கும் சாதாரண ரப்பர்க் குப்பிதான். ஒட்டுப்பலகையாலும் கண்ணாடி இழையாலும் ஆன உடலினுள் நடிகர் ஒருவர் அமர்ந்து, தம் கால்களாலேயே அதை நகர்த்துவார். கீழ்ப்பகுதியைச் சுற்றி 56 அரைக்கோளங்கள் உண்டு. வீட்டில் செய்வோர் 28 பந்துகளை இரண்டாக வெட்டினால் போதும். 1973-இல் 'ரேடியோ டைம்ஸ்' இதழ் அளவுகளுடன் கூடிய வரைபடத்தையே வெளியிட்டது.

வரைபடம் கிட்டாத பொருள்களுக்கு உழைப்பு மிகுதி. புகைப்படத்தில் அளவு தெரிந்த ஒரு பாகத்தைக் கண்டுபிடித்து, அதைக்கொண்டு விகிதக் கணக்கால் ஏனையவற்றைக் கணிக்க வேண்டும். 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் நாயகன் ஏந்தும் ஒளிவாளின் பிடி, கிராஃப்லெக்ஸ் என்னும் பழைய புகைப்படக் கருவியின் மின்விளக்குக் கைப்பிடியே. 1985-இல் தீக்கிரையான நம் மூர் மார்க்கெட்டில் இத்தகைய பொருள்களைத் துழாவியவர்களுக்கு அந்த மகிழ்ச்சி விளங்கும். இன்று புதுப்பேட்டையும் ரிச்சி தெருவும் அவ்விடத்தை ஓரளவு நிரப்புகின்றன.

மயிலையின் வடக்கு மாடவீதியில் காகிதக் கூழ்ப் பொம்மைகளைக் காண்கிறோம். நம் இல்லங்களிலோ டிசம்பர் வந்தால் மூங்கிலை வளைத்து விண்மீன் கட்டுகிறோம்; காகிதத்தைக் கசக்கிக் குடிலுக்கு மலை எழுப்புகிறோம். ஆகவே இக்கலை நமக்கு அந்நியமன்று. எனினும் 2010-இல் வந்த 'எந்திரன்' படத்திற்கு எந்திர உருவங்களைச் செய்ய அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் பட்டறையை நாட நேர்ந்தது.

"தேர்வு நெருங்கும் வேளையில் இதென்ன வீண் வேலை?" என்று தந்தை கேட்பது இயல்பே. 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் ஆர்2-டி2 என்னும் எந்திரத்தைப் பொழுதுபோக்காகச் செய்துவந்த ஆங்கிலேயர் இருவரைப் படநிறுவனமே அழைத்து, 2015-இல் வெளிவந்த அடுத்த படத்திற்கு அதைச் செய்யும் பணியை ஒப்படைத்தது. எல்லோருக்கும் அவ்வாறு நேரும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆயினும் விகிதக் கணக்கை ஏட்டில் வெறுக்கும் பையன், அரை அங்குலப் பிழையால் மூடி பொருந்தாதபோது அதைத் தானே நாடிக் கற்பான். அவனைத் தடுப்பது எனக்கு உடன்பாடன்று.

ஆனால் ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். கண்ணாடி இழையுடன் சேர்க்கும் பிசினின் ஆவி நச்சுத்தன்மை உடையது; எளிதில் தீப்பற்றவும் கூடியது. அதை இறுகச் செய்யும் திரவத்தின் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வைக்கே கேடு. உடனே நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் விரைய வேண்டும். சென்னை வெயிலில் அக்கலவை மிக விரைவில் சூடேறி இறுகிவிடும். எனவே சிறிது சிறிதாகவே கலக்க வேண்டும். அதுவும் திறந்த மாடியில், கையுறையும் கண்ணாடியும் தகுந்த முகமூடியும் அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கவே செய்ய வேண்டும். சமையலறைக்கு அருகே கூடவே கூடாது. சிறுவர்க்கு ஒட்டுப்பலகையும் காகிதக் கூழுமே போதும். மழைக்காலத்தில் பலகை உப்பாதபடி இருபுறமும் வண்ணம் பூசிவிட வேண்டும்.

வேலை தொடங்குமுன் மாடிப்படிக் கதவின் அகலத்தையும் அளந்துகொள்க. டாலெக்கின் மூல உருவமே தோளருகில் இரண்டாகப் பிரியும்படி அமைந்ததுதான். அவ்வாறே செய்தால் கீழே இறக்குவதும் எளிது.