தோல் தூசியும் மூக்கின் நலமும்

பாலாற்றங்கரையில் அமைந்த ஆம்பூர், தோலுக்கும் காலணிக்கும் பேர் பெற்ற ஊராகும். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் நாள்தோறும் ஆயிரக்கணக்கில் இங்குள்ள தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். இத்தொழில் பல குடும்பங்களை வாழ்விக்கிறது. ஆதலின், தோல் தூசியைக் குறித்து மருத்துவ ஆராய்ச்சி கண்டறிந்த உண்மைகளை இப்பகுதி மக்கள் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

மூக்கு நம் உடலின் சல்லடை. உட்செல்லும் காற்றிலுள்ள தூசியை அதன் ஈரமான சவ்வு பிடித்து நிறுத்துகிறது. சவ்வின்மீதுள்ள நுண்ணிய மயிரிழைகள் இடைவிடாது அசைந்து, தூசி படிந்த சளியைத் தொண்டையை நோக்கித் தள்ளுகின்றன. இவ்வேலை செவ்வனே நடைபெறுகிறதா என்பதை மருத்துவர்கள் எளிய முறையில் சோதிப்பதுண்டு. மூக்கினுள் முன்புறமாகச் சிறு துளி சாக்கரின் வைக்கப்படும். பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்குள் நாவில் இனிப்புத் தெரியும். வெகுநேரம் தாமதித்தால் மயிரிழைகள் தளர்ந்துவிட்டன என்று ஐயுறலாம். அவை தளர்ந்தால் தூசி ஒரே இடத்தில் நெடுநேரம் தங்கிவிடுகிறது.

அவ்வாறு தங்கும் தூசி என்ன தீங்கு செய்யும்? இதற்கு விடை ஆய்வுக்கூடத்தில் பிறக்கவில்லை; நோயாளியிடம் கேட்ட ஒரு கேள்வியில் பிறந்தது. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்பது நாற்காலி செய்வோர் நிறைந்த ஊர். 1960-களில் அங்குப் பணியாற்றிய காது, மூக்கு, தொண்டை மருத்துவர் எஸ்மி ஹாட்ஃபீல்ட் அம்மையார், மூக்கினுள் புற்றுநோய் கண்டு வந்தவர்களிடம் அவர்களுடைய தொழிலை விசாரித்தார். பலர் மரவேலை செய்வோராக இருந்தனர். ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த மருத்துவர்கள் மக்பெத், அகெசன் முதலியோர் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். புற்றுநோய்ப் பதிவேடுகளைப் புரட்டியபோது, காலணித் தொழிலுக்குப் பெயர்போன நார்தாம்ப்டன்ஷயர் பகுதியிலும் இந்நோய் அளவுக்கு மிஞ்சிக் காணப்பட்டது. 1970-இல் அகெசனும் அவருடைய தோழர்களும் இம்முடிவை வெளியிட்டனர். இத்தாலியின் காலணித் தொழிலாளரிடையேயும் பின்னர் இதுவே கண்டறியப்பட்டது.

லியோன் நகரிலுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2012-இல் வெளியிட்ட தொகுதியில், தோல் தூசியை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் முதல் வகையில் சேர்த்துள்ளது. அடித்தோலை அறுத்தல், விளிம்பைச் சீவித் தேய்த்தல், தோலைப் பஃபிங் செய்தல் ஆகிய வேலைகளில்தான் தூசி மிகுதியாக எழுகிறது. கையால் மேல்தோல் தைப்போருக்கு இத்தூசி குறைவு.

இதைக் கேட்டு எவரும் அஞ்ச வேண்டுவதில்லை. பொதுமக்களிடையே இது மிக அரிய நோய். ஓராண்டில் லட்சம் பேரில் ஒருவருக்கும் குறைவாகவே காணப்படுகிறது. தூசியில் உழைப்போரிடையே அது பன்மடங்கு கூடினாலும் பெரும்பாலோர்க்கு வருவதில்லை. ஆனால் அது தோன்றப் பல பத்தாண்டுகள் ஆகும். வேலையை விட்டு ஓய்ந்த பின்னரும் வரக்கூடும். இக்காரணத்தாலேயே நோயையும் பழைய தொழிலையும் இணைத்துப் பார்க்கப் பலரும் தவறிவிடுகின்றனர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள் யாவை? ஒரே பக்கத்து மூக்கு வாரக்கணக்கில் அடைத்திருத்தல், ஒரே துவாரத்தில் அடிக்கடி இரத்தம் கசிதல், ஒரு கண்ணில் ஓயாது நீர் வடிதல், கன்னம் வீங்குதல், வாசனை தெரியாமை ஆகியவை. சாதாரணச் சளியிலும் இவற்றுட் சில உண்டு. எனினும் ஒரு பக்கத்திலேயே மூன்று வாரம் நீடித்தால் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். வேலூரில் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், அடுக்கம்பாறையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் இதற்கான நிபுணர்கள் உள்ளனர்.

காலத்தே காண்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. நோய் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையேயுள்ள சிற்றறைகளில் அடங்கியிருக்கும்போது, பலருக்கு முகத்தில் கத்தி படாமல், மூக்குத் துவாரத்தின் வழியே உள்நோக்குக் கருவியைச் செலுத்தி அறுவை செய்துவிடலாம். தேவையானால் கதிர்ச் சிகிச்சை தொடரும். முற்றிவிட்டாலோ முக எலும்பையும், சிலருக்குக் கண்ணையும் இழக்க நேரிடும்.

வருமுன் காப்பது அதனினும் மேல். தூசி எழும் இடத்திலேயே அதனை உறிஞ்சி அகற்ற வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே தன் 14-ஆம் பிரிவில் விதித்தது. உறிஞ்சு குழாய் பழுதின்றி இயங்குகிறதா என்று நிர்வாகத்தார் அடிக்கடி பார்க்க வேண்டும். தரையை உலர்ந்தபடி பெருக்குவதும், காற்றைப் பீய்ச்சி மேசையைச் சுத்தம் செய்வதும் தூசியை மீண்டும் எழுப்பும். ஈரத்துணியால் துடைப்பதே நன்று. முகத்தில் கட்டும் கைக்குட்டை நுண்ணிய தூசியைத் தடுக்காது. அதற்கென அமைந்த முகமூடியை அணிதல் வேண்டும்.

இறுதியாக ஒன்று. மருத்துவரிடம் செல்லும்போது, அவர் கேளாவிட்டாலும், “நான் காலணித் தொழிலில் இத்தனை ஆண்டு இன்ன வேலை செய்தேன்” என்று தாமே முன்வந்து சொல்லுங்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஆராய்ச்சிக்கு வழி திறந்தது அச்செய்தியே. இன்று ஓர் உயிரைக் காக்கக்கூடியதும் அதுவே. மகளிர் குழுக்களும் ஊராட்சிகளும் இதனை வீடுதோறும் எடுத்துச் சொல்வார்களாயின், உழைப்போருக்குப் பேருதவியாக இருக்கும்.