நொறுங்கிய காலை எப்படி மீட்கிறார்கள்?



ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும் பக்கம் பக்கமாக ஓடுகிற நம்ம பொத்தேரியில் விபத்து என்பது புதுச் செய்தி இல்லை. பைக்கில் போகிறவர்களுக்கு அதிகம் அடிபடுவது காலில்தான்.

முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தொட்டுப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும், சதையே இருக்காது. அதனால்தான் பலமாக அடிபட்டால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்துவிடுகிறது. உள்ளே மண்ணும் கிருமியும் போய்விடும். இதற்கு வெறும் மாவுக்கட்டு போதாது. புத்தூர்க் கட்டுக்கு ஓடுவதும் ஆபத்து.

காலைக் காப்பாற்றலாமா, எடுத்துவிட வேண்டுமா? இதை முடிவு செய்ய கோவை கங்கா மருத்துவமனை டாக்டர்கள் ஒரு மார்க் முறை கண்டுபிடித்தார்கள். டாக்டர் எஸ்.ராஜசேகரன் குழுவினர் 2006-ல் அதை வெளியிட்டார்கள். தோலுக்கு, எலும்புக்கு, தசை நரம்புக்கு என்று தனித்தனியாக 1 முதல் 5 வரை மார்க். சர்க்கரை நோய் இருந்தால் 2 கூடும். காயத்தை ஆபரேஷனில் சுத்தம் செய்ய 12 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டாலும் 2 கூடும். நமக்கு மார்க் குறைந்தால் வீட்டில் திட்டு விழும், இங்கே குறைந்தால்தான் சந்தோஷம்! மொத்தம் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 அல்லது அதற்கு மேல் போனால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். 15, 16 என்றால் அனுபவமுள்ள டாக்டர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

முதலில் காயத்தை நன்றாகக் கழுவி, செத்த சதையை வெட்டி எடுப்பார்கள். வெளியே கம்பி மாட்டி எலும்பை நிறுத்துவார்கள். பிறகு பிளாஸ்டிக் சர்ஜரி. பிளாஸ்டிக் வைத்துத் தைப்பது என்று நம்ம கிளாசிலேயே பாதிப் பேர் நினைக்கிறார்கள், அது தப்பு. அவருடைய கெண்டைக்கால் சதையையே திருப்பிப் போட்டு எலும்பை மூடுவார்கள். அது எட்டாவிட்டால் தொடையிலிருந்தோ முதுகிலிருந்தோ சதை எடுத்து, அதன் ரத்தக் குழாயை மைக்ரோஸ்கோப் வைத்துத் தைப்பார்கள். தலைமுடியை விட மெல்லிய நூலாம்!

எலும்பே கொஞ்சம் காணாமல் போயிருந்தால்? ரஷ்யாவின் சைபீரியாவில் இலிசாரோவ் என்ற டாக்டர் 1950-களில் கண்டுபிடித்த வளையம் இருக்கிறது. நல்ல எலும்பை ஓரிடத்தில் வெட்டி, ஒரு நாளைக்கு 1 மில்லிமீட்டர் நகர்த்தினால் இடைவெளியில் புது எலும்பு வளரும். எங்க தெரு அண்ணன் ஒருத்தர் அதைப் பத்து மாதம் போட்டிருந்தார். அவங்க அம்மாதான் ஸ்பேனரால் நட்டைத் திருகுவாங்க. ஒரு தடவைக்குக் கால் மில்லிமீட்டர், நாளைக்கு நாலு தடவை. வலியை விட "வேலை போயிடுமோ"ங்கிற கவலைதான் அவருக்குப் பெரிசு.

காலை எடுத்துவிட்டாலும் வாழ்க்கை முடிவதில்லை. 1981-ல் திருச்சி அருகே நடந்த பஸ் விபத்தில் சுதா சந்திரன் வலது காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் கால் மாட்டி 1984-ல் மேடையில் பரதம் ஆடினார்.

2021 டிசம்பர் 18 அன்று நம்ம மாவட்டத்து மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தைத் தொடங்கினார்கள். விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதில் இலவசம். கண்முன் விபத்து நடந்தால் 108-க்குப் போன் போடுங்கள். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடியுங்கள். வெளியே வந்த எலும்பை உள்ளே தள்ளாதீர்கள். மஞ்சள் தூள், காப்பித் தூள் எதுவும் போடாதீர்கள். ஆபரேஷன் இருக்கலாம் என்பதால் சோடா, டீ கொடுக்காதீர்கள்.