இரண்டு முறை வேகம் மாறிய ‘நெகாராகூ’

புக்கிட் பெருந்துங் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் 1990களில் பள்ளி சென்றவர்களுக்கு நினைவிருக்கும்: அன்று சபைக்கூடலில் ஒலித்த ‘நெகாராகூ’ இன்றையதைவிட வேகமானது. பேராக் மாநிலப் பண்ணின் மெட்டில் 1957இல் அமைந்த தேசிய கீதம், 1992இல் அணிவகுப்பு நடைக்கு மாறியது. கம்பீரம் போய்விட்டதே என்ற முணுமுணுப்பு ஓயவில்லை. 2003இல் பழைய நிதானமே திரும்பியது. புதிய வாத்திய அமைப்பைச் செய்தவர் வா இட்ரிஸ்.

மெதுவாக வாசிப்பது சுலபம் என்று எண்ண வேண்டாம். டிரம்பெட், கிளாரினெட் எல்லாம் மூச்சை நம்பிய கருவிகள். வேகத்தில் சிறு பிசிறு மறைந்துவிடும். நீண்ட சுரத்தில் மூச்சு நடுங்கினால் திடல் முழுக்கக் கேட்கும். அதனால்தான் பள்ளி பேண்ட் குழுவில் சேரும் பிள்ளை ஒரே சுரத்தை அசையாமல் ஊதிப் பழகுகிறது. வீட்டில் அந்த ஒற்றைச் சத்தத்தைப் பெற்றோர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.