வேலைக்கு விலை பேசுபவரிடம் வேலை இல்லை

2022-ஆம் ஆண்டு ஜூன், ஜூலை மாதங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 28 பேர் புது தில்லி ரயில் நிலைய நடைமேடைகளில் தினமும் எட்டு மணி நேரம் நின்றார்கள். எத்தனை ரயில் வருகிறது, எத்தனை புறப்படுகிறது, ஒவ்வொன்றிலும் எத்தனை பெட்டி என்று எண்ணிக் குறிப்பதுதான் அவர்களுக்குத் தரப்பட்ட வேலை. டிக்கெட் பரிசோதகர், எழுத்தர் போன்ற பணிகளுக்கு இது பயிற்சி என்று சொல்லியிருந்தார்கள். மருத்துவப் பரிசோதனையும் நடந்தது, பணி நியமன ஆணையும் கைக்கு வந்தது. அந்த ஆணை போலி என்பது பிறகுதான் தெரிந்தது. ஆளுக்கு 2 லட்சம் ரூபாயிலிருந்து 24 லட்சம் வரை, மொத்தம் 2.67 கோடி ரூபாய் பறிபோயிருந்தது.

ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் பொறியியலும் தொழில்நுட்பமும் படித்தவர்கள். படித்தும் ஏன் நம்பினார்கள்? உண்மையான வேலைக்கு என்னென்ன நடக்குமோ அத்தனையையும் மோசடிக்காரர்கள் வரிசையாக நடத்திக் காட்டினார்கள். முத்திரையும் கையெழுத்தும் அடையாள அட்டையும் எவர் வேண்டுமானாலும் தயாரிக்கக்கூடியவை. அதனால் காகிதத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அந்த வேலை எந்த வழியாக வந்தது, யார் யாரிடம் பணம் கேட்கிறார்கள் என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

அரசு வேலை என்றால்

அரசுப் பணிக்கு அறிவிப்பு, விண்ணப்பம், தேர்வு, தரவரிசை, சான்றிதழ் சரிபார்ப்பு என்று வெளிப்படையான ஒரு வரிசை உண்டு. ரயில்வேக்கு ரயில்வே தேர்வு வாரியம், மாநில அரசுப் பணிகளுக்கு டிஎன்பிஎஸ்சி, காவல் துறைக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் என்று தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன. எந்த அமைப்புக்கும் ஏஜென்ட் கிடையாது. இந்த அமைப்புகளின் தேர்வையே எழுதாதவர் பெயருக்கு அவற்றின் வழியாக ஆணை வந்தால் அது போலி. வேறு விளக்கம் தேவையில்லை. டிஎன்பிஎஸ்சியின் குரூப் 4 பணிகளுக்கு நேர்முகத் தேர்வே இல்லை. அதற்கு ‘இன்டர்வியூவில் மார்க் போட வைக்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது.

‘மேலே ஆள் இருக்கு, இன்னும் ரெண்டே சீட்தான், வெள்ளிக்கிழமைக்குள்ள பணம் வேணும்’ என்ற பேச்சு பெரும்பாலான மோசடிகளில் வரும். நீங்கள் நாலு பேரிடம் விசாரிக்க நேரம் இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த அவசரம்.

தனியார் வேலையும் செல்போன் வேலையும்

தனியார் நிறுவனத்தின் பெயரில் அழைப்பு வந்தால், அழைத்தவர் கொடுத்த எண்ணை விட்டுவிடுங்கள். அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே பேசிக் கேளுங்கள். பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், சீருடைக்கான பணம் என்று எந்தப் பெயரில் முன்பணம் கேட்டாலும் விலகிவிடுங்கள்.

வாட்ஸ்அப், டெலிகிராமில் வரும் ‘வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்’ வேலையின் போக்கு வேறு. வீடியோவுக்கு லைக் போடு, ஓட்டலுக்கு ரேட்டிங் கொடு என்பார்கள். முதலில் 150, 200 ரூபாய் உண்மையிலேயே கணக்கில் வரும். நம்பிக்கை வந்த பிறகு ‘பெரிய டாஸ்க்’குக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும். திரையில் லாபம் ஏறிக்கொண்டே போகும். எடுக்கப் போனால் வரி கட்டு, அபராதம் கட்டு என்று மேலும் கறப்பார்கள். இன்னொரு ஆபத்து, உங்கள் வங்கிக் கணக்கையோ சிம் கார்டையோ கமிஷனுக்குக் கேட்பது. கொடுத்தால், பிறரிடம் திருடிய பணம் உங்கள் கணக்கு வழியாகப் போகும். போலீஸ் முதலில் தேடி வருவது உங்களைத்தான்.

வெளிநாட்டு வேலை

தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடி பகுதியில் அடைத்துவைக்கும் கும்பல்களைப் பற்றி மத்திய வெளியுறவு அமைச்சகம் 2022 செப்டம்பரிலேயே எச்சரித்தது. சிக்கியவர்களை மிரட்டி, இணையவழி மோசடி செய்ய வைப்பதுதான் அங்கே நடக்கும் ‘வேலை’. 2025 மார்ச்சில் மட்டும் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டு வரப்பட்டார்கள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் ‘இ-மைகிரேட்’ இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லாதவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட்டும் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் சேவைக் கட்டணமாக வாங்கலாம். அதற்கு ரசீது தர வேண்டும். ‘இப்போதைக்கு டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம்’ என்றால் கிளம்பாதீர்கள். வேலை விசா இல்லாமல் போனவருக்கு அந்த நாட்டில் தொழிலாளி என்ற பாதுகாப்பு கிடைப்பது கடினம்.

பணம் போய்விட்டால்

ஆன்லைனில் பணம் அனுப்பியிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் வங்கிகள் அதை முடக்க முடியும். அதனால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். நேரில் பணம் கொடுத்திருந்தால் மாவட்டக் குற்றப்பிரிவிலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். சென்னையில் மத்திய குற்றப்பிரிவில் வேலைவாய்ப்பு மோசடிக்கென்றே தனிப் பிரிவு உண்டு. ஏமாற்றிப் பணம் பறிப்பது பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய விவரம், போலி ஆணை, அழைப்பு வந்த எண் எதையும் அழித்துவிடாதீர்கள். வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காகக் குடும்பத்தார் அயலகத் தமிழர் நல உதவி எண்ணான 1800 309 3793-ஐ அழைக்கலாம்.

பலர் புகார் கொடுக்காததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, ஊர் சிரிக்குமே என்ற கூச்சம். மற்றொன்று, ‘வேலைக்காகப் பணம் கொடுத்தது நம் தப்புதானே’ என்ற பயம். பணம் வாங்கிய புரோக்கரும் இதைச் சொல்லியே மிரட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தருகிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தடிப்பார். தில்லியில் ரயில் எண்ண வைக்கப்பட்டவர்களின் விவகாரம் வெளியே வந்தது, புகார் கொடுக்க ஒருவர் முன்வந்ததால்தான். நகையை விற்றுப் பணம் கட்டிய வீட்டில் பிள்ளையைத் திட்டிக்கொண்டிருப்பதால் எதுவும் திரும்பி வராது. அவனை அல்லது அவளைக் கூட்டிக்கொண்டு, கையில் இருக்கும் ஆதாரங்களோடு, இன்றைக்கே காவல் நிலையத்துக்குப் போங்கள். அதே ஆளிடம் நாளைக்குப் பணம் கட்ட இன்னொரு குடும்பம் நகையை அடகு வைக்கத் தயாராகிக்கொண்டிருக்கும்.