சிவப்புச் சேலையும் வெள்ளை அளமும்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்தில் காரை நிறுத்திப் படமெடுக்கும் வெள்ளைக் குவியல்களில் பெரும்பகுதி, பெண்கள் தலையில் சுமந்து கொட்டியது. ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் சும்மாடு வைத்துக் கூடை தூக்குகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. அதனால் விடியலுக்கு முன்பே உலை வைத்து, பிள்ளைகளின் மதியச் சோற்றை டப்பாவில் அடைத்து, அம்மன் படத்துக்குக் கற்பூரம் காட்டிவிட்டு அளத்துக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தப் பெண்களின் பக்திக்கு ஒரு கணக்கு உண்டு. அது உப்பின் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பாத்திகளை மூழ்கடிக்கும், வேலை நின்றுவிடும். மார்கழி, தை மாதங்களில்தான் பலரும் சிவப்புச் சேலை உடுத்தி, சக்தி மாலை அணிந்து, இருமுடி ஏந்தி மேல்மருவத்தூர் கோயிலுக்குப் போகிறார்கள். ஆணின் துணை இல்லாமல் பெண்களே கருவறைக்குள் போய் அபிஷேகம் செய்யலாம், மாதவிலக்கு நாளிலும் வரலாம் என்ற அந்தக் கோயிலின் வழக்கம் உழைக்கும் பெண்களை ஈர்த்ததில் வியப்பில்லை. மாசியில் மகத்தன்று சாமிகள் கடலாட வரும்போது, பாத்திகளில் சேறு மிதித்துத் தளம் இறுக்கும் வேலை முடிந்து உப்பு விளையத் தொடங்கியிருக்கும்.

வெயில் உச்சத்துக்கு வரும் பங்குனி, சித்திரையிலிருந்து விழுப்புரம் வட்டாரத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிப்பார்கள். இரவெல்லாம் கூத்து. அர்ச்சுனன் தபசு அன்று, பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் ஈரப் புடவையோடு தபசு மரத்தடியில் காத்திருப்பார்கள். உச்சியில் இருக்கும் கூத்துக் கலைஞர் வீசும் எலுமிச்சை மடியில் விழுந்தால் அம்மன் வாக்குக் கொடுத்துவிட்டாள் என்று பொருள். பிறந்த பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் மஞ்சள் துணியில் காசு முடிவது, அது தேறினால் தீ மிதிப்பது என்று அந்த உறவு தொடர்கிறது.

உப்புக்கும் சாமிக்கும் இங்கே பழைய பந்தம். மரக்காணம் பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே உப்பளங்கள் வருகின்றன. சங்க இலக்கியத்தின் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். ஆனால் கல்வெட்டில் கூடை சுமந்தவளின் பெயரைத் தேட முடியாது.

பக்தி இவர்களை அடக்கி வைக்கிறது, கூலி கேட்க வேண்டிய வாயை மூடிவிடுகிறது என்று சொல்கிறவர்களும் உண்டு. ஊர்த் திருவிழாவில் பெண்கள் வரி கேட்டு, கணக்குப் பார்த்து, கூழ் காய்ச்சி ஊரையே நடத்துவதைப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

கவலைப்பட வேண்டியது வேறு ஒன்று: தாகம்.

உப்புநீர், அதன் அடர்த்தியை அளக்கும் போமே மானியில் 25 பாகையைத் தொட்டால்தான் உப்பு படியும். அதற்கு நிழலே இல்லாத வெட்டவெளியும் ஓயாத வெயிலும் வேண்டும். உப்புக்கு நல்லதாக இருக்கும் அந்த வெயில் மனித உடம்புக்கு ஆகாது. கீழே உப்பின் வெள்ளையிலிருந்தும் ஒளி தெறித்துக் கண்ணைக் கூசச் செய்யும். தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் நடந்து, 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று, 10 பேரில் 9 பேர் பரிந்துரைக்கப்பட்ட வெப்ப வரம்பைத் தாண்டி வேலை செய்வதாகச் சொன்னது. சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

வெயிலில் நிற்கும் ஆண் தண்ணீர் குடிப்பான், பெண் யோசிப்பாள். கண்ணுக்கு எட்டிய தூரம் மட்டமான பாத்திகள், மறைவுக்கு ஒரு மரம் கிடையாது, கழிப்பறையும் இல்லையென்றால் ஒதுங்குவது எங்கே? வீடு திரும்பும்வரை தண்ணீரைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. மாதவிலக்கு நாட்களில் இது இன்னும் கொடுமை. செவ்வாய், வெள்ளி விரதத்தை அவள் விரும்பி எடுக்கிறாள். தண்ணீர் விரதத்தை அளம் அவள்மேல் சுமத்துகிறது. இரண்டையும் ‘பொறுமை’ என்று சேர்த்துப் பாராட்டிவிடுவது நமக்கு வசதியாக இருக்கிறது.

மழைக்காலத்துக்கு ஓர் உதவி வந்துவிட்டது. வேலையில்லாத மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணத்தை அரசு 2022-ல் அறிவித்தது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியபோது, பக்கத்து மயிலத்தில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அப்படிப்பட்ட ஆண்டில் அந்தத் தொகை சில வாரச் சோறு. கோடைக்காலத் தாகத்துக்கோ அது மருந்தல்ல.

கழிப்பறை ஏன் இல்லை என்று கேட்டால், உவர் மண்ணில் கட்டடம் நிற்காது என்பது எளிய பதில். திருவிழாக் கூட்டத்துக்காக இரண்டே நாளில் இறக்கி வைக்கும் நடமாடும் கழிப்பறைக்கு அஸ்திவாரம் எதற்கு? லாரி வந்து உப்பு ஏற்றிப்போகும் மேட்டுப் பாதை வரை அதுவும் வரும். பெண்களுக்கெனத் தனியாக ஒன்று, பக்கத்தில் ஓலையோ தகரமோ வேய்ந்த பந்தல், அதனடியில் ஒரு குடிநீர்த் தொட்டி. பிப்ரவரியில் கொண்டுவந்து வைத்து, செப்டம்பரில் மழைக்கு முன் எடுத்துவிடலாம்.