மாடுலர் சிந்தசைசரில் வளையப் பண்பேற்றிகளின் ஒலி வேறுபாடு: சுருதி இடைவெளிகள்வழி ஓர் ஒப்பீடு

முன்னுரை

அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடரின் துணையுடன் மூக் சிந்தசைசர் கொண்ட மின்னணு இசைக்கூடம் அமைக்கப்பட்டது. கீதா சாராபாய், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா முதலியோர் அங்கு உருவாக்கிய ஒலிப்பதிவுகள் 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. மாடுலர் சிந்தசைசர்களில் இடம்பெறும் உறுப்புகளுள் ஒன்று, ரிங் மாடுலேட்டர் எனப்படும் வளையப் பண்பேற்றி. ஒரே கணக்கைச் செய்யும் இக்கருவிகள் வெவ்வேறாக ஒலிப்பது ஏன் என்பதை நம் செவிக்குப் பழகிய சுருதி இடைவெளிகளைக்கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

செயற்பாடு

வளையப் பண்பேற்றி இரண்டு அலைகளைப் பெருக்குகிறது. தூய சைன் அலைகளை உள்ளிட்டால் மூல அதிர்வெண்கள் மறைந்து, அவற்றின் கூட்டலும் கழித்தலும் மட்டுமே வெளிப்படும். 200 ஹெர்ட்ஸ் சட்சமமும் 300 ஹெர்ட்ஸ் பஞ்சமமும் சேர்ந்தால் 100, 500 ஹெர்ட்ஸ் கிடைக்கும். முன்னது கீழ்த்தாயிச் சட்சமம். பின்னது அதன் ஐந்தாம் சீரிசையாகிய அந்தர காந்தாரம். தம்புராவில் எழும் சுயம்பு காந்தாரத்திற்கும் இந்த ஐந்தாம் சீரிசையே அடிப்படை. பஞ்சமத்திற்கு மாற்றாக ஏறத்தாழ 283 ஹெர்ட்ஸ் பிரதிமத்திமத்தை உள்ளிட்டால் 83, 483 ஹெர்ட்ஸ் தோன்றும். இவை எளிய விகிதத்தில் அமையாமையால் மணியோசை போன்ற ஒலி பிறக்கிறது.

மூவகைச் சுற்றுகள்

முதல்வகை, தொலைபேசித் துறையில் 1930-களில் உருவான டயோடு வளையம். வலுவான ஊர்தி அலை நான்கு டயோடுகளையும் மாறிமாறித் திறந்து மூடுவதால் அவ்வலையின் ஒற்றைப்படை மடங்குகளும் பெருக்கலில் சேர்கின்றன. 200 ஹெர்ட்ஸ் ஊர்தி அலையுடன் பிரதிமத்திமம் சேர்கையில் 317, 883 ஹெர்ட்ஸ் கூறுகளும் எழுகின்றன. டயோடுகள் முற்றிலும் ஒத்திராவிடில் ஊர்தி அலை வெளியே கசியும்.

இரண்டாம்வகை, பேரி கில்பர்ட் 1968-இல் வெளியிட்ட டிரான்சிஸ்டர் அமைப்பின் வழிவந்த பெருக்கல் சுற்று. இது கணிதப் பெருக்கலுக்கு நெருங்கி நிற்பதால் கூட்டலும் கழித்தலும் தெளிவாகக் கேட்கும்.

மூன்றாம்வகை, ஆர்ப் ஒடிசி போன்ற கருவிகளில் உள்ள எக்ஸ்-ஆர் தருக்கச் சுற்று. இது அலையின் நேர், எதிர் நிலைகளை மட்டுமே அறியும், வீச்சை அறியாது. ஆதலால் மிருதங்க ஒலியின் தேய்வும் குரலின் மென்மை, வன்மை வேறுபாடும் இதில் அழிந்துவிடுகின்றன.

முடிவுரை

பஞ்சம இடைவெளியில் மூவகைச் சுற்றுகளும் 100 ஹெர்ட்ஸின் மடங்குகளையே தருகின்றன. வேறுபாடு ஒலிநிறத்தில் அடங்கிவிடுகிறது. பிரதிமத்திமத்திலோ ஒவ்வொரு கூடுதல் கூறும் இசைவற்ற புதிய அதிர்வெண்ணாகத் தனித்து ஒலிக்கிறது. எனவே, இசைவான ஓர் இடைவெளியை மட்டும் கேட்டு இக்கருவிகளை மதிப்பிடுதல் போதாது. இசைவற்ற இடைவெளியிலும், உள்ளீட்டை நிறுத்திய நிலையிலும் கேட்டறிந்த பின்னரே ஒப்பீடு முழுமைபெறும்.