கடற்கரை மணலில் ஒரு கோல்ஃப் பயணம்

ஒலுவில் கரையிலே அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் படர்ந்து கிடக்கும் மணல்மேடுகளை அறியாதவர் அவ்வூரில் இலர். நெல் விளையும் வயலுக்கும் அலை புரளும் கரைக்கும் இடையிலே உள்ள அந்த நிலத்தை உழவர் விரும்புவதில்லை. உப்புக் காற்றும் மணலும் அங்கே பயிரை வளர விடா. மாடுகள் மேயும், மீனவர் வாடி அமைப்பர், கரைவலை இழுப்போர் வலையை உலர்த்துவர். இவ்வாறு பயிருக்கு உதவாது என்று ஒதுக்கப்பட்ட கடலோர நிலத்திலேதான், ஸ்கொத்லாந்து நாட்டில், கோல்ஃப் என்னும் விளையாட்டு வளர்ந்தது. அந்நாட்டார் அந்நிலத்தை 'லிங்க்ஸ்' என அழைப்பர். மேட்டு நிலத்தைக் குறித்த பழஞ்சொல் ஒன்றிலிருந்து பிறந்த பெயர் அது.

சிறு பந்தொன்றைக் கோலினால் அடித்துச் சென்று, ஒன்றன்பின் ஒன்றாகப் பதினெட்டுக் குழிகளில் இடுவதே ஆட்டம். குறைந்த அடிகளில் முடிப்பவர் வென்றவராவார். இவ்வளவு எளிய ஆட்டத்துக்கு ஏன் உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் ஸ்கொத்லாந்துக் கரையை நாடிச் செல்கின்றனர்? விடை அந்த மண்ணில் இருக்கிறது. பனிக்கட்டி யுகம் முடிந்தபின் நிலம் மெல்ல உயர்ந்தது, கடல் பின்வாங்கியது, காற்று மணலை அள்ளி மேடும் பள்ளமுமாகக் குவித்தது. அம்மணலில் மெல்லிய புல் முளைத்தது. ஆடுகளும் முயல்களும் அதனை அடியோடு கறித்துக் கம்பளம்போல ஆக்கின. குளிர்காற்றுக்கு ஆடுகள் ஒதுங்கிய பள்ளங்களே பின்னர் ஆட்டக்காரரைத் தொல்லைப்படுத்தும் மணற்குழிகளாயின என்பர். மழை பெய்தாலும் நீர் தங்குவதில்லை. ஆகவே மாரியிலும் ஆடலாம். மனிதர் வரைபடம் போட்டு அமைக்குமுன்னரே காற்றும் கடலும் கால்நடையும் அமைத்துவிட்ட களம் அது.

இலங்கையிலும் இவ்விளையாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. கொழும்பு கோல்ஃப் கழகம் 1879-இல் தோன்றியபோது காலிமுகத்திடலிலேயே ஆடினர். கடலை ஒட்டிய புல்வெளி என்ற அளவில், பழைய லிங்க்ஸ் நிலத்துக்குச் சற்றே நெருங்கிய இடம் அதுவெனலாம். 1896-இல் கழகம் பொரளைப் பக்கம் உள்ள இன்றைய மைதானத்துக்கு மாறியது. அதனூடே புகையிரதப் பாதை செல்வது ஒரு வேடிக்கை. நுவரெலியாக் கழகம் 1889-இல் தொடங்கியது. திகனையில் விக்டோரியா நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் உள்ள மைதானம் 1999-இல் திறக்கப்பட்டது. கிழக்கு மாகாணத்திலேயே, திருகோணமலைச் சீனக்குடாவில், விமானப்படையின் மைதானம் ஒன்று இருக்கிறது. ஒலுவிலிலிருந்து அம்பாறை, மகியங்கனை வழியாகக் கண்டிக்குச் செல்பவர் திகனையைக் கடந்தே போகவேண்டும். ஆதலால் அம்மைதானம் அவருக்கு வழியிலேயே அமைந்துவிடுகிறது.

இம்மைதானங்களைக் குறிப்பிடுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஸ்கொத்லாந்தின் பெயர்பெற்ற களங்கள் பலவற்றில், வருபவர் 'ஹான்டிகாப்' சான்றிதழ் காட்டவேண்டும். ஓர் ஆட்டக்காரரின் திறமை இவ்வளவு என்பதை எண்ணினால் காட்டும் பத்திரம் அது. அதனை வழங்குவது அங்கீகாரம் பெற்ற கழகமே. வளைகுடா நாடொன்றில் பணியாற்றியபோது கோல் பிடிக்கப் பழகியவராயினும், கழகத்தில் சேர்ந்து, பல ஆட்டங்களின் கணக்கைப் பதிவுசெய்த பின்னரே அந்த எண் கிடைக்கும். பயணத்துக்கு ஓராண்டு முந்தியே இதனைத் தொடங்குதல் நன்று. விமானச் சீட்டை முதலில் வாங்கிவிட்டுச் சான்றிதழுக்கு அலைவது, வலை பின்னாமல் தோணியைத் தள்ளுவது போலாகும்.

அடுத்தது விசா. முகவர் நிறுவனங்கள் பெருந்தொகை பெற்றுக்கொண்டு எல்லாவற்றையும் ஒழுங்குசெய்து தருவதாக விளம்பரம் செய்யும். விசாவை மட்டும் எவரும் உறுதியாகத் தர இயலாது. இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர் ஐக்கிய இராச்சியத்துக்குச் செல்ல வருகையாளர் விசா பெறவேண்டும். பயணத் திகதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்னதாக அதற்கு விண்ணப்பிக்க முடியாது. ஆனால் புகழ்பெற்ற களங்களின் முன்பதிவோ முந்திய ஆண்டிலேயே தொடங்கிவிடுகிறது. பணத்தைச் செலுத்தி இடம்பிடித்தபின் விசா மறுக்கப்பட்டால் அத்தொகை திரும்புமா என்பதை முதலிலேயே கேட்டறிதல் வேண்டும். அயர்லாந்திலும் சிறந்த மணற்கரைக் களங்கள் உள்ளன. வட அயர்லாந்தின் போர்ட்ரஷுக்கு ஐக்கிய இராச்சிய விசாவே போதும். எல்லை தாண்டி அயர்லாந்துக் குடியரசின் பலிபனியனுக்கோ லஹிஞ்சுக்கோ செல்வதாயின் அந்நாட்டின் விசா வேறாக வேண்டும். ஒரே விசாவில் இரு நாடுகளுக்கும் சென்றுவரும் ஏற்பாடு இந்திய, சீன நாட்டவருக்கு உண்டு, இலங்கையருக்கு இல்லை. ஆகவே முதற்பயணத்தை ஸ்கொத்லாந்தின் கீழ்க்கரையோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

அக்கரைக்கு மற்றொரு வசதியும் உண்டு. எடின்பரோவிலிருந்து வடக்கே டன்டீ வழியாக அபர்தீனுக்குச் செல்லும் ஒரே புகையிரதப் பாதையின் ஓரமாகவே மூன்று பெருங்களங்களைக் கண்டுவிடலாம். மோட்டார் வண்டி வேண்டியதில்லை. லூக்கர்ஸ் நிலையத்தில் இறங்கிப் பஸ் ஏறினால் சென்ட் அன்ட்ரூஸ். அந்நகரின் சொந்தப் புகையிரத நிலையம் 1969-இல் மூடப்பட்டுவிட்டது. மேலும் வடக்கே கார்னூஸ்டி. அதற்கும் அப்பால் மொன்ட்ரோஸ். வளைகுடா விமான நிலையம் ஒன்றில் மாறி நேரே எடின்பரோவில் இறங்குபவருக்கு இலண்டன் நகரின் செலவும் இல்லை.

சென்ட் அன்ட்ரூஸ் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுதல் தகும். 'பழைய களம்' எனப்படும் அதன் மைதானம் எந்தச் சீமானின் சொத்தும் அன்று. அது ஊரவரின் பொதுநிலம். 1552-ஆம் ஆண்டுப் பத்திரம் ஒன்று அந்நிலத்தில் கோல்ஃப் ஆடும் ஊரவரின் உரிமையைக் குறிக்கிறது. 1797-இல் நகரசபை கடனில் மூழ்கி நிலம் கைமாறியது. வணிகர் அங்கே முயல் வளர்க்கலாயினர். முயல்கள் தோண்டிய வளைகளால் ஆட்டம் கெட, ஊரவர் வெகுண்டனர். வழக்கு இலண்டன் பிரபுக்கள் சபை வரை ஏறியது. 1821-இல் ஜேம்ஸ் சீப் என்னும் நிலக்கிழார் அந்நிலத்தை வாங்கி ஆட்டத்துக்கே விட்டார். 1894-இல், பாராளுமன்றச் சட்டத்தின் வழியே, அது மீண்டும் நகரத்தின் கைக்கு வந்தது. இன்று 1974-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நம்பிக்கைப் பொறுப்புச் சபை ஒன்று அதனை நிருவகிக்கிறது.

இந்த வரலாற்றின் பயன் இன்றைய பயணியின் கையிலும் விழுகிறது. பழைய களத்தின் இடங்களில் ஒரு பகுதி நாள்தோறும் சீட்டுக்குலுக்கலால் வழங்கப்படுகிறது. ஆடவிரும்பும் நாளுக்கு இரண்டு நாள் முந்தி, பிற்பகல் இரண்டு மணிக்குள், இருவர் முதல் நால்வர் வரை சேர்ந்த குழுவாகப் பெயர் கொடுக்கவேண்டும். மாலையில் முடிவு வெளியாகும். பெயர் கொடுப்பதற்குப் பணம் இல்லை. குலுக்கலில் அமைச்சரும் ஆசிரியரும் ஒன்றே. தனியாக வருபவர் முன்னாளில் இரவெல்லாம் குளிரில் வரிசையில் நின்றனர். 2024 முதல் அவர்களுக்கும் முதல்நாளே குலுக்கல் நடைபெறுகிறது. இடம் கிடைத்தால் மட்டுமே கட்டணம். அக்கட்டணமோ சிறிதன்று: 2024-இன் கோடைப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்கு 320 பவுண். ஆயினும், முகவரிடம் முன்கூட்டியே வாங்கும் பொதியின் விலையோடு ஒப்பிட்டால் குலுக்கலே மலிவு. நான்கைந்து நாள் நகரில் தங்கி நாள்தோறும் பெயர் கொடுப்பவருக்கு வாய்ப்பும் பெருகும். விசா கைக்கு வருமுன் பணத்தை முடக்க விரும்பாத இலங்கையருக்கு இதனினும் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை.

ஞாயிற்றுக்கிழமை பழைய களத்தில் ஆட்டம் இல்லை. அன்று அது ஊர்ப் பூங்கா. குழந்தைகள் ஓடுவர், முதியோர் உலாவுவர். ஆட்டமே அறியாத மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்பவர் அந்நாளைத் தவறவிடலாகாது. ஸ்வில்கன் ஓடையின் மேலுள்ள சின்னஞ்சிறு கற்பாலத்தில் அன்று எவரும் ஏறி நிற்கலாம். பக்கத்திலே, 1867-இல் பெண்கள் தமக்கென அமைத்த கழகத்தின் மேடுபள்ளமான சிறு புல்வெளி உள்ளது. சில பவுண்களுக்கு, எந்தச் சான்றிதழும் இன்றி, அங்கே பந்தை உருட்டி மகிழலாம்.

கல்முனைக் கரையிலிருந்து செல்பவர் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு. ஆனி மாதத்தில் அங்கே சூரியன் மறைவது இரவு பத்து மணியளவில். உதிப்பதோ அதிகாலை நாலரைக்கு முன்னர். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் மஃரிப் தொழுது பழகியவருக்கு இது பெரும் மாற்றம். நடுக்கோடையில் அந்தியொளி முற்றாக மறைவதே இல்லையாதலால், இஷாவுக்கும் சுபஹுக்கும் உள்ளூர்ப் பள்ளிவாசல்கள் வெளியிடும் அட்டவணையைப் பின்பற்றுவதே வழி. எடின்பரோவிலும் டன்டீயிலும் பள்ளிவாசல்கள் உள்ளன. கடற்கரை நகரங்களில் பொரித்த மீன் எங்கும் கிடைக்கும். ஆனால் மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகளும் உண்டு என்பதால் கேட்டு வாங்குதல் நன்று. இந்நீண்ட பகலால் ஒரு நன்மையும் விளைகிறது. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் ஆட்டத்தையும் வெளிச்சத்திலேயே முடிக்கலாம். அந்நேரத்துக்குக் கட்டணத்தைக் குறைக்கும் களங்கள் பல.

காற்றைப் பற்றிக் கிழக்குக் கரையாருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கச்சானும் வாடையும் எப்போது திரும்பும் என்று வானத்தைப் பார்த்தே சொல்பவர் அவர். மரமே இல்லாத அந்த வெளியில் பந்தை உயரத் தூக்கி அடிப்பவர் காற்றுக்கு இரையாவர். தாழ அடித்துத் தரையோடு உருளவிடுவதே அங்குள்ளோர் வழக்கம். மலைநாட்டு மைதானத்தில் பழகிய கை இதற்கு இசையச் சில நாள் செல்லும். மேலும், பழைய களத்தில் வண்டியில் ஏறிச் சுற்ற இயலாது. உடல்நலக் குறைவுடையோருக்கு மட்டுமே அதற்கு விலக்கு. நான்கு மணிநேரம் நடக்கக் கால் வேண்டும்.

கார்னூஸ்டியை வல்லவர்க்கே விடலாம். 1999-இல் பிரெஞ்சு நாட்டவரான ஜான் வான் த வெல்த், வெற்றி கையில் இருந்தும், கடைசிக் குழியில் ஓடையிலே பந்தை இட்டுப் பட்டத்தை இழந்த களம் அது. சாதாரண ஆட்டக்காரருக்கு அங்கே மிஞ்சுவது பெரும்பாலும் தொலைந்த பந்துகளின் கணக்கே.

ஆனால் மொன்ட்ரோஸுக்குப் போகாமல் திரும்புதல் கூடாது. அதிலும் ஒலுவிலார் திரும்பவே கூடாது. 1562-ஆம் ஆண்டு முதல் அங்கே கோல்ஃப் ஆடப்பட்டு வருவதாகக் குறிப்பு உண்டு. குலுக்கல் இல்லை, நெருக்கடி இல்லை, கட்டணமும் சென்ட் அன்ட்ரூஸினும் மிகக் குறைவு. அந்தப் பழங்களத்தைக் கடல் தின்றுகொண்டிருக்கிறது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளில் சில இடங்களில் எழுபது மீற்றர் வரை கரை பின்வாங்கியது. தொடக்க மேடைகளை உள்நோக்கி நகர்த்தவேண்டியதாயிற்று. கல் அடுக்கித் தடுக்கலாமே என்று தோன்றும். கரையில் ஓரிடத்தில் கல்லைப் போட்டால் மணலின் ஓட்டம் தடைப்பட்டு, அடுத்த இடம் அரிபடுகிறது.

ஒலுவிலார் இதனைப் புத்தகத்தில் படிக்கவேண்டியதில்லை. 2013-இல் திறக்கப்பட்ட ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்பு அணைகள், தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்தன. தென்புறத்தில் மணல் சேர்ந்தது. துறைமுக வாயில் தூர்ந்தது. வடபுறத்தில், நிந்தவூர்ப் பக்கமாக, கடல் தென்னைகளை வீழ்த்திக்கொண்டு உள்ளே வந்தது. கரைவலை இழுக்க இடமின்றி மீனவர் தவித்தனர். மணற்கரை என்பது நிலைத்து நிற்கும் நிலமன்று. வருவதும் போவதும் சமமாயிருக்கும் மட்டும் நிலம்போலத் தோன்றுவது. அங்கே கோல்ஃப் ஆடும் இடம் போகிறது; இங்கே உலை வைக்கும் இடம் போகிறது. இழப்பு ஒன்றாயினும் சுமை ஒன்றன்று.

மணலை அசையாமல் கட்டிவைத்தலும் தீர்வாகவில்லை. அபர்தீனுக்கு வடக்கே, மெனி என்னுமிடத்தில், டொனால்ட் ட்ரம்பின் நிறுவனம் 2012-இல் திறந்த களத்துக்காக, நகர்ந்துகொண்டே இருந்த மணற்குன்றுகள் புல் நட்டு நிறுத்தப்பட்டன. நகரும் குன்று என்பதற்காகவே அவ்விடத்துக்கு வழங்கப்பட்டிருந்த இயற்கைக் காப்புத் தகுதி 2020-இல் நீக்கப்பட்டது. சென்ட் அன்ட்ரூஸில் வேறு முறையைக் கையாள்கின்றனர்: புயல் உடைத்த மேடுகளில் மணலைக் கொண்டுவந்து கொட்டி, கடலோரப் புல்லை நட்டு, காலடி படாமல் வேலியிட்டிருக்கின்றனர். அந்தப் புல்லைக் காண்பவர் அது இராவணன் மீசையின் தொழிலையே செய்கிறது என்பதைக் கண்டுகொள்வர்.

மொன்ட்ரோஸ் களத்தின் கடலோரக் குழிகளில் ஆட்டம் முடிந்ததும் அரிபட்ட மேட்டின் விளிம்புக்கு மிக அருகே செல்லாதிருத்தல் நன்று. மணல் திடீரெனச் சரியும். அங்கிருந்து எடின்பரோவுக்குத் திரும்பும் புகையிரதம் இரண்டு மணிநேரத்துக்குள் போய்ச் சேரும். இடப்பக்க இருக்கையில் அமர்ந்தால் வழியில் பல இடங்களிலே கடல் தெரியும்.